சோபாவை விட்டுவிட்டுப் புறப்பட்ட நாடகம்

ஜொகூரின் தமிழ் மேடை நாடகங்களில் அதிக முறை மேடையேறிய நடிகர் யார் என்று கேட்டால், சோபா என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று பேர் உட்காரும் பெரியது ஒன்று, பக்கத்தில் சின்னது இரண்டு, நடுவில் கண்ணாடி மேசை, சுவரில் சாமிப் படம். திரை விலகியதும் அப்பா அதில் சாய்ந்து நாளிதழ் படிப்பார். அம்மா காப்பி கொண்டு வருவார். கதை அதன் பிறகுதான் தொடங்கும். குளுவாங், கூலாய், சிகாமட் என்று எந்த ஊருக்குப் போனாலும் மண்டபத்துக்குப் பக்கத்தில் யார் வீட்டிலாவது ஒரு சோபாவை இரவல் வாங்கிவிடலாம் என்பதால், அதை யாரும் ஒரு சிக்கலாக நினைத்ததில்லை.

சிக்கலாக நினைத்தவர் ஒருவர் உண்டு. ஜொகூர் பாருவின் சிறு நாடகக் குழு ஒன்றின் மேடை மேலாளர் அவர். குழுவில் எல்லாருக்கும் அக்கா. பகலில் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் சரக்கு இருப்புக் கணக்கு பார்ப்பார். மாலையில் ஒத்திகைக்கு வந்து அதே வேலையை வேறு பொருள்களுக்குப் பார்ப்பார். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு நகரத்துக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தின் கதையைக் குழு நாடகமாக்கி, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நடக்கும் ஒரு சிறு நாடக விழாவுக்கு விண்ணப்பித்தது. இடம் கிடைத்தது. கூடவே விழாவின் விதிமுறைத் தாளும் வந்தது. ஒரே அரங்கில் ஒரே நாளில் பல நாடகங்கள். முந்தைய குழு வெளியேறிய பிறகு மேடை அமைக்கப் பதினைந்து நிமிடம். நாடகம் அறுபது நிமிடம். கலைத்து வெளியேற மறுபடியும் பதினைந்து நிமிடம்.

அக்கா தாளைப் படித்து முடித்துவிட்டு இயக்குநரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தச் சோபாவ வெச்சுக்கிட்டு அங்க போக முடியாது."

"அப்போ அப்பா எங்கக்கா உட்காருவாரு?"

"நிக்கட்டும்லா."

இத்தகைய விழாக்களின் பிறப்பே இடமில்லாதவர்களால் நடந்ததுதான். 1947-இல் எடின்பரோவில் முதல் அனைத்துலகக் கலை விழா நடந்தபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த கூடங்களில் நாடகம் போட்டன. அவற்றில் ஒன்று எடின்பரோவிலேயே நடக்கவில்லை. ஃபோர்த் நீர்முகத்துக்கு அப்பால் டன்ஃபர்ம்லின் ஊரின் பழைய மடாலயத்தில் 'எவ்ரிமேன்' நாடகத்தைப் போட்டார்கள். அந்த எட்டுக் குழுக்களின் வழியில் வளர்ந்த ஃபிரிஞ்ச் விழாவில் 2019-ஆம் ஆண்டு 3,800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். விற்ற நுழைவுச் சீட்டுகள் முப்பது லட்சத்துக்கும் மேல். இன்றும் அங்கே தேர்வுக் குழு என்று ஒன்று கிடையாது. அரங்கு கிடைத்து, பதிவுக் கட்டணம் கட்டினால் யாரும் போடலாம், நட்டமும் அவரவருடையது. கனடாவில் வேறு கணக்கு. 1982-இல் எட்மண்டனில் தொடங்கிய முறையில் குழுக்களைக் குலுக்கல் மூலம் எடுக்கிறார்கள், வசூல் நாடகக்காரருக்கே போகிறது. நம் பக்கத்தில் 'தி நெசசரி ஸ்டேஜ்' குழு 2005-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஃபிரிஞ்ச் விழா தேர்ந்தெடுத்து அழைக்கும் வகை. மலேசியாவின் வடக்கில் ஜார்ஜ்டவுன் விழா 2010-இலும், அதன் துணையாகப் பட்டர்வொர்த் ஃபிரிஞ்ச் விழா 2015-இலும் வந்தன. ஜொகூர் பாருவுக்கு 2004-இலேயே சொந்தமாக ஒரு கலை விழா அமைந்துவிட்டது.

ஆக, ஜொகூர்க் குழுவுக்கு வடக்கே போகவும் வழியுண்டு, தெற்கே போகவும் வழியுண்டு. கோலாலம்பூர் 330 கிலோமீட்டர். பட்டர்வொர்த் அதைப் போல இரு மடங்குக்கு மேல். சிங்கப்பூரோ 1924-இல் திறந்த பாலத்தின் வழியே ஒரே கிலோமீட்டர். ஆனால் நாடகச் சாமான்களோடு போகிறவருக்கு அந்த ஒரு கிலோமீட்டர்தான் நீளமானது.

நாடகப் பொருள் என்று சொல்லிவிட்டால் எல்லையில் எல்லாம் உள்ளே போய்விடாது. இரண்டாம் அங்கத்தில் மாமா பற்ற வைக்காமலே வாயில் வைத்திருக்கும் சிகரெட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்குள் தீர்வையில்லாமல் ஒரு சிகரெட்கூடக் கொண்டுபோக முடியாது. நாடகத்துக்கு என்று சொன்னாலும் அது சிகரெட்தான். பொம்மைத் துப்பாக்கி நிஜத்தைப் போல இருந்தால் காவல்துறையின் அனுமதி வேண்டும். அக்காவின் நாடகத்தில் துப்பாக்கி இல்லை; ஆனால் பால்வெட்டும் கத்தி இருந்தது. வளைந்த முனையும் தேய்ந்த மரப்பிடியும் கொண்ட அசல் கத்தி, கதாநாயகனின் பாட்டியுடையது. அதை விட்டுவிட்டுப் போக இயக்குநருக்கு மனமில்லை. அட்டையில் ஒன்று செய்து வெள்ளித்தாள் ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சிறிய அரங்கில் முதல் வரிசை பார்வையாளருக்கும் நடிகருக்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இருக்காது, அட்டை அட்டையாகவே தெரியும் என்று அக்கா மறுத்தார். கடைசியில் கத்தியின் முனையை மழுக்கி, பிடியோடு சேர்த்துப் படம் எடுத்து, பொருள் பட்டியலில் ஏற்றினார்.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், ஒரு படம், எடை, எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்தக் காட்சியில் யார் கைக்குப் போகிறது, விலை மதிப்பு என்ன, திரும்பி வருமா என்பது வரை அதில் இருக்கும். கடைசிப் பத்திக்குத்தான் எல்லையில் மரியாதை. ஒளிக்கருவி, ஒலிக்கருவி போன்ற விலையுயர்ந்த சாமான்களைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர ஏ.டி.ஏ. கார்னெட் என்று ஒரு பன்னாட்டுச் சுங்க ஆவணம் உண்டு. பெரிய குழுக்கள் அதை எடுக்கும். சிறிய குழு அந்தச் செலவைத் தாங்காது. அக்காவின் வழி எளியது. கனமானதையும் விலையுயர்ந்ததையும் கொண்டே போகாதே. விளக்கும் ஒலிபெருக்கியும் அரங்கில் இருப்பவை போதும். நாற்காலி வேண்டுமென்றால் அரங்கின் நாற்காலியையே கேள். இருவர் ஒரே நடையில் தூக்க முடியாத எதுவும் நாடகத்தில் இருக்கக் கூடாது.

இயக்குநர் இதற்குச் சுலபமாக இறங்கி வரவில்லை. சாமான் குறைந்தால் நாடகம் ஏழையாகத் தெரியும் என்பது அவர் பயம். நம் ஊரில் நாடகம் பார்க்க வருகிறவர் 'செட் போட்டிருக்காங்களா' என்றுதான் முதலில் கேட்பார் என்பதும் உண்மை. ஆனால் தமிழில் நாடகம் என்பது சோபாவோடு பிறந்ததல்ல. தெருக்கூத்துக்காரர் ஊர் ஊராகப் போகும்போது எடுத்துச் செல்வது கட்டைச் சாமான் பெட்டியும் மத்தளமும் முகவீணையும்தான். திரை வேண்டுமா, இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துரியோதனன் அதன் பின்னாலிருந்தே தன் வருகையைச் சொல்லிவிட்டு வெளியே வருவான். அந்தக் கலையைப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் பாரிஸ் வரை கொண்டுபோனார். ஆரியான் மினுஷ்கினின் 'தியேட்டர் து சொலேய்' குழு 2016-இல் அரங்கேற்றிய நாடகத்துக்காக நடிகர்கள் அவரிடம் கூத்துப் பயின்றார்கள். ஐரோப்பாவின் பெயர்பெற்ற நாடகக் குழு ஒன்று நம்மிடம் கேட்டு வாங்கியது இரண்டு பேர் பிடிக்கும் துணியின் கலையை. நாம் இங்கே சோபாவுக்கு லோரி தேடிக்கொண்டிருந்தோம்.

ஜொகூரிலேயே இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. இருபத்து நான்கு பருவ முரசு 1988-இல் ஜொகூர் பாருவில் சீனச் சமூகத்தினர் உருவாக்கிய கலை. சீன நாள்காட்டியின் 24 பருவங்களின் பெயர்களை 24 முரசுகளில் எழுதி, இளைஞர்கள் நின்றும் நடந்தும் அடிக்கிறார்கள். அரங்கம் வேண்டாம், திரை வேண்டாம், பள்ளித் திடல் போதும். இன்று அது பல நாடுகளில் ஒலிக்கிறது. முரசு என்ன, சோபாவைவிடக் கனமில்லையா என்று கேட்கலாம். கனம்தான். ஆனால் முரசில்லாமல் அந்தக் கலை இல்லை; சோபா இல்லாமல் நம் நாடகம் இருக்கும். எது இல்லாவிட்டால் நாடகமே இல்லையோ அதை மட்டும் ஏற்று என்பதுதான் அக்காவின் கட்சி.

ஒத்திகையில் மாற்றம் நடந்தது. வரவேற்பறை போனது. அதன் இடத்தில் ஒரு காண்டாக் கம்பு, இரண்டு வாளி, ஒரு பழைய இரும்புப் பெட்டி, நான்கு மீட்டர் வெள்ளைத் துணி. துணி லயத்து வீட்டின் சுவராகும், பிறகு அடுக்குமாடி வீட்டின் சன்னல் திரையாகும், பாட்டியின் சாவில் கோடித்துணியாகும். அப்பாவுக்கு உட்கார இடமில்லை; நாடகம் முழுக்க நின்றுகொண்டே இருந்தார். மூன்றாவது ஒத்திகையில்தான் எல்லாருக்கும் விளங்கியது, தோட்டத்தை விட்டு வந்த பிறகு உட்கார இடமில்லாத மனிதனின் கதையைத்தான் இவ்வளவு நாளும் சோபாவில் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று. எழுத்தாளர் உடனே மூன்று பக்க வசனத்தை அடித்துவிட்டார். நிற்கிற காலே அதைச் சொல்லிவிட்டது.

அடுத்த சிக்கல் குரல். ஜொகூரில் பெரும்பாலான நாடகங்கள் டேவான் எனப்படும் பொது மண்டபத்தில் நடப்பவை. உயர்ந்த மேடை, சிவப்பு வெல்வெட் திரை, தகரக் கூரை, பின்வரிசையில் ஓடும் குழந்தைகள், வெளியே நாசி லெமாக் பொட்டலம் விற்கும் மேசை. அங்கே கேட்க வேண்டுமானால் நடிகர் கத்தியாக வேண்டும். ஒலிவாங்கி தொங்கும் இடத்துக்கு நகர்ந்து நின்று பேசும் பழக்கமும் வந்துவிடும். விழா அரங்கு கறுப்புச் சுவர் கொண்ட சின்னக் கூடம். எண்பது பேர் உட்காரலாம். அங்கே அதே கத்தலைப் போட்டால் பார்வையாளர் பின்னால் சாய்வார். அக்கா நடிகர்களைத் தன் வீட்டு வரவேற்பறைக்குக் கூட்டிப்போய், தொலைக்காட்சியை மெல்ல ஓடவிட்டு, அதற்கு மேல் குரல் போகாமல் முழு நாடகத்தையும் பேசவைத்தார். அப்பாவாக நடித்த அண்ணன் கோவில் திருவிழா மேடைகளில் வளர்ந்தவர். அவருக்கு இது தண்டனையாகவே இருந்தது.

உரிமம் வேறொரு உலகம். மலேசியாவில் பொது நிகழ்ச்சிக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கலைஞர் வந்தால் புஸ்பால் என்ற மத்திய நிறுவனத்திடமும் போக வேண்டும். சிங்கப்பூரில் நாடகத்தின் பிரதியை முன்கூட்டியே கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். அதன்படி எல்லாருக்கும் ஏற்றது என்பதிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்பது வரை தரம் பிரிப்பார்கள். தமிழ் நாடகக்காரர் இதை நன்றாக அறிந்தவர்கள். இளங்கோவன் எழுதிய 'தலாக்' நாடகத்தை அக்னி கூத்து குழு முதலில் தமிழில் மேடையேற்றியது. எதிர்ப்பு இருந்தும் நாடகம் நடந்தது. அதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் போட முயன்றபோது, 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் உரிமம் மறுக்கப்பட்டது. அக்கா இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு தொழில் பாடம். எழுதிக் கொடுத்த பிரதியில் இல்லாத ஒரு வரியும் மேடையில் வரக் கூடாது. திருவிழா மேடையில் கைதட்டு வாங்க நடிகர் இட்டுக்கட்டிப் பேசுவதைப் போல இங்கே பேசினால், அது நடிகரோடு போகாது. அடுத்த முறை விழாவுக்கு வரும் குழுவின் தலையிலும் விடியும்.

இட்டுக்கட்டலைத் தடுக்க இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் சப்டைட்டில்.

விழாவுக்கு வருபவரில் பாதிக்கு மேல் தமிழ் தெரியாதவர்கள். திரையில் ஆங்கில வரி ஓட வேண்டும். மொழிபெயர்த்தவர் ஒரு கல்லூரி மாணவி. நாடகத்தின் ஒவ்வொரு சொல்லையும் விசுவாசமாக மொழிபெயர்த்திருந்தார். முதல் முழு ஓட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. அப்பா நகைச்சுவை வசனத்தின் முதல் பாதியைச் சொல்லி மூச்சு வாங்கும்போதே திரையில் முழு வரியும் வந்துவிட்டதால், ஆங்கிலம் வாசிப்பவர்கள் முதலிலும் தமிழ் கேட்பவர்கள் பிறகும் சிரித்தார்கள். இரண்டு சிரிப்புக்கும் நடுவே அப்பா திகைத்து நின்றார். அன்றிரவு வரிகளை உடைத்தார்கள். சிரிப்பு வரும் சொல் தனிச் சட்டத்தில். நடிகரின் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். நீண்ட வசனங்களுக்குப் பாதிதான் திரையில் வரும். கண் எழுத்திலேயே கிடந்தால் நடிகரை யார் பார்ப்பது? பாட்டியின் ஒப்பாரிக்கு எழுத்தே வேண்டாம் என்று முடிவானது.

அந்த முடிவுக்கு முன்மாதிரி பாலத்துக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988-இல், பூனையைத் தொலைத்த சீன மூதாட்டி ஒருவரைப் பற்றிப் பல மொழிகள் கலந்த நாடகம் ஒன்றைப் போட்டார். ஹொக்கியன் பேசும் அந்த அம்மா, தானும் பூனையைத் தேடும் ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்திக்கிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையாலும் முகத்தாலும் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். சொந்தப் பிள்ளைகளுக்குப் புரியாத தாயை அந்தப் பெரியவர் புரிந்துகொள்கிறார். சிங்கப்பூர் மேடையில் இன்றும் பேசப்படும் காட்சி அது. மலாய், சீனம், தமிழ் மூன்றும் ஒரே காப்பிக் கடையில் ஒலிக்கும் ஜொகூரிலிருந்து அப்படியொரு நாடகம் நம் குழுக்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். வராததற்குச் சாக்கு எதுவும் இல்லை.

விழாவில் தொழில்நுட்ப ஒத்திகைக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம். அதற்குள் விளக்கு, ஒலி, சப்டைட்டில் மூன்றையும் பூட்ட வேண்டும். அனுபவமில்லாத குழு அந்த நேரத்தில் நாடகத்தை முழுவதும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும். பாதியில் நேரம் முடிந்துவிடும். அக்கா வசனங்களைத் தாண்டித் தாண்டி, விளக்கு மாறும் இடத்துக்கு மட்டும் நடிகர்களை நிறுத்தினார். கையில் பிரதி, ஓரத்தில் பென்சிலால் எண்கள். பேனா ஆகாது, எல்லாம் மாறும். "இருபத்தி மூணு தயார்... போ." அரங்கின் விளக்குக்காரர் ஒரு மலாய்க்கார இளைஞர், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் 'போ' என்பதை ஐந்தே நிமிடத்தில் கற்றுக்கொண்டார். தரையில் இரும்புப் பெட்டி நிற்கும் நான்கு மூலையிலும் பச்சை ஒட்டுநாடா, வாளிகளுக்கு மஞ்சள், துணி பிடிக்கும் இருவர் நிற்க வெள்ளை. இருட்டில் பெட்டி ஒரு சாண் தள்ளிப் போனால் அப்பாவின் முகம் வெளிச்சத்துக்கு வெளியே போய்விடும்.

சூடம் ஏற்றும் காட்சிதான் கடைசி நேரத்தில் மாட்டியது. மூடிய அரங்கில் தீ கூடாது என்றார்கள். தமிழ் நாடகத்தில் சூடம் இல்லாமல் சாமி கும்பிடுவதா என்று அண்ணன் முறைத்தார். கடைசியில் வெறும் தட்டைச் சுற்றினார். அக்கா விளக்குக்காரரிடம் சொல்லி அவர் முகத்தில் மட்டும் மஞ்சள் ஒளியை நடுங்கவிட்டார். முன்வரிசையில் ஒரு பாட்டி கைகூப்பினார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடலாம், இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. எண்பது இருக்கை, சீட்டு 30 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரங்கு நிறைந்தால் 2,400. அறுபதுக்கு நாற்பது என்று அரங்கோடு பங்கு பிரித்தால் குழுவுக்கு 1,440. அதிலிருந்து வேன் வாடகை, சாலைக் கட்டணம், எட்டுப் பேருக்குச் சாப்பாடு, மொழிபெயர்த்த மாணவிக்கு ஏதாவது ஒன்று. நடிகர்களுக்கு மிஞ்சுவது பசியாறும் காசு. இதுவும் அரங்கு நிறைந்தால்தான். அரங்கை நிறைக்க எடின்பரோவில் நடிகர்களே வேடத்தோடு தெருவில் நின்று துண்டறிக்கை கொடுப்பார்கள். நம்மவருக்கு வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு, கோவில் அறிவிப்புப் பலகை உண்டு, ஜாலான் உங்கு புவானில் பூக்கடைக்காரர்கள் உண்டு. ஜொகூரில் 70 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ஆசிரியர்களில் பத்தில் ஒருவர் வந்தாலே பல நாடகங்கள் பிழைக்கும். ஆனால் செய்தி போன உடனே திரும்பி வரும் முதல் கேள்வி, "பாஸ் இருக்கா?"

பாஸ் கொடுத்தே வளர்த்த கூட்டம் இது, குற்றம் குழுக்களுடையதும்தான். இலவசமாக வருபவர் மழை பெய்தால் வரமாட்டார், வந்தால் அரைமணி தாமதமாக வருவார். டேவானில் அது செல்லும். ஆகவே அக்கா சார்பில் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜொகூர்க் குழு ஒன்று எந்த ஊர் விழாவுக்குப் போனாலும், தெரிந்த நடிகரைக் கூப்பிட்டுப் பாஸ் கேட்காதீர்கள், சீட்டு வாங்குங்கள். பாலத்தில் நெரிசல் இருக்கும், இரண்டு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள். விழா அரங்கில் நாடகம் தொடங்கிய பிறகு கதவைத் திறக்க மாட்டார்கள்.